தாத்தாவின் கேப்புத் துப்பாக்கி ஸ்டேஷனிலிருந்து துருவோடு வந்திருக்கிறது, எப்படிக் கழுவுவது?

பென்னாகரத்தான்
எல்லோருக்கும் வணக்கம். வீட்டில் தாத்தா பெயரில் ஒரு கேப்புத் துப்பாக்கி இருக்கிறது. ஒற்றைக் குழல், வாய் வழியாக மருந்து போட்டு இடித்து, பின்னால் கேப்பு என்ற சின்ன வெடிமூடியை வைத்துச் சுடும் ரகம். பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ், புதுப்பித்து வைத்திருக்கிறோம். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். 2024 மார்ச் கடைசியில் கொடுத்தோம், ஜூன் மூன்றாவது வாரம்தான் கைக்கு வந்தது. நடுவில் நல்ல கோடை மழை. எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள். அவர்கள்மேல் மட்டும் பழி போடவும் முடியாது, கொடுக்கும்போது நாங்களும் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் போடவில்லை.

இப்போது குழலின் வெளிப்பக்கம் முழுக்கச் செந்துரு. கேப்பைத் தட்டும் குதிரையை இழுத்தால் முனகுகிறது. கேப்பு மாட்டும் நிப்பிளின் துளை அடைத்திருக்கிறது. வாய்க்குள் டார்ச் அடித்தால் ஒரே செம்மண் நிறம். தாத்தாவுக்கு 84 வயது, கை நடுங்குகிறது. அதனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல, நான் செய்வதாக ஏற்பாடு. மாமா மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து உப்புத்தாளால் தேய்க்கச் சொல்கிறார். செய்யலாமா?

மாங்கா_மண்டி
மண்ணெண்ணெய் இப்போது எங்கே கிடைக்கிறது தம்பி? டீசல் ஊற்று. ஆனால் சோப்பு மட்டும் போட்டுவிடாதே. காவேரிப்பட்டணத்தில் எங்கள் பெரியப்பா ஒன்று வைத்திருந்தார், நாற்பது வருசத்தில் தண்ணீரே காட்டியதில்லை. தோசைக்கல் மாதிரிதான் அதுவும். எண்ணெய் குடித்துப் பழகிய இரும்பைச் சோப்பு போட்டுக் கழுவினால் பழக்கம் போய்விடும்.

பழைய_ஆர்மரர்
தம்பி, டீசலும் வேண்டாம், உப்புத்தாளும் வேண்டாம், இப்போதைக்கு எதுவுமே வேண்டாம். ஆயுதப்படையில் 31 வருசம் துப்பாக்கி கழுவியவன் சொல்கிறேன். எந்தத் துப்பாக்கியையும் கையில் எடுத்தால் முதல் கேள்வி, உள்ளே மருந்து இருக்கிறதா? தோட்டாத் துப்பாக்கியைத் திறந்து பார்த்துவிடலாம். வாய் வழியாகப் போடும் துப்பாக்கியில் திறந்து பார்க்க ஒன்றும் கிடையாது. டார்ச் அடித்தாலும் தெரியாது. கம்பிதான் சொல்லும்.

இப்படிச் செய். நிப்பிள்மேல் கேப்பு இருக்கிறதா என்று பார், இருந்தால் எடு. வாய் ஆளில்லாத பக்கமாக இருக்கட்டும், உன் முகமும் கையும் குழலுக்கு நேராக வரக் கூடாது. இடிக்கும் கம்பியை மெதுவாக உள்ளே விடு. இடிக்காதே, அதுவாக இறங்கி நிற்கட்டும். வாயை ஒட்டிக் கம்பியில் பென்சிலால் கோடு போடு. வெளியே எடுத்துக் குழலுக்குப் பக்கத்திலேயே, கோடு வாய்க்கு நேராக இருக்கும்படி வைத்துப் பார். கம்பியின் நுனி நிப்பிள் இருக்கும் இடம் வரை வர வேண்டும். அதற்கு முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது.

பார்த்துவிட்டு எழுது. அதுவரை மற்றவர்கள் டீசல் பற்றிப் பேசிக்கொண்டிருக்கலாம்.

பென்னாகரத்தான்
ஐயா, தாத்தாவைக் கேட்டேன், "வெத்துக் குழல்தான், நான் எதுக்குப் போட்டு வைக்கப் போறேன்" என்கிறார். கடைசியாகச் சுட்டு ஆறேழு வருசம் ஆகிறதாம். நாளைக் காலை வெளிச்சத்தில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

ஓசூர்_டு_பென்சில்வேனியா
ஆர்மரர் ஐயா சொன்னதை நான் இங்கே வேறு விதமாகக் கற்றுக்கொண்டேன். ஊர் ஓசூர், இப்போது பென்சில்வேனியாவில் இருக்கிறேன். இங்கே மான் வேட்டைக்குத் தனிப் பருவம் உண்டு. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஆரம்பிக்கும் பருவத்தில் சிக்கிமுக்கிக் கல் வைத்த பிளின்ட்லாக் துப்பாக்கி மட்டும்தான் அனுமதி. கேப்புகூடக் கிடையாது. பனியில் நாள் முழுக்க நின்று, மான் வந்து, விசையை அழுத்தினால் கல் பொறி தட்டும், தட்டில் இருக்கும் மருந்து புஸ் என்று எரியும், குழல் மட்டும் சும்மா இருக்கும். காரணம் பெரும்பாலும் முந்தின வாரம் ஒழுங்காகக் கழுவாததுதான்.

என் கம்பியில் இரண்டு கோடு இருக்கிறது. ஒன்று வெறும் குழலுக்கு, இன்னொன்று மருந்தும் குண்டும் போட்ட பிறகு. இரண்டாவது கோடு இன்னொரு வேலைக்கும் உதவும். குண்டு மருந்தின்மேல் முழுக்க உட்காராமல் நடுவில் நின்றுவிட்டால் குழலே வெடிக்கலாம்.

தளி_குளிர்
இழைக்குச் சம்பந்தம் இருக்கிறதா தெரியவில்லை, இருந்தாலும் கேட்கிறேன். இங்கே தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கிராமங்களில் நிறையப் பேரிடம் நாட்டுத் துப்பாக்கி இருக்கும், லைசென்ஸ் இருக்காது. அதையும் இதே மாதிரிக் கழுவலாமா?

நிர்வாகி
இல்லை. லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்கு இங்கே ஒரே பராமரிப்பு, ஒப்படைப்பது. வனத்துறையும் போலீசும் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் அவ்வப்போது அவகாசம் கொடுத்து ஒப்படைக்கச் சொல்கிறார்கள், அதைப் பயன்படுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். மருந்து செய்வது பற்றியும் இங்கே பேசக் கூடாது. பேசினால் பதிவு நீக்கப்படும்.

சட்டம்_ஒரு_கிலோ
இதோடு இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழித் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தரலாம் என்பது 1959 ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவிலேயே இருக்கிறது. அதனால் 'பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கிதானே, பன்றியைச் சுடலாம்' என்று பலர் நினைக்கிறார்கள். துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை வேறு, விலங்கைச் சுடும் உரிமை வேறு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு லைசென்ஸ் புத்தகத்தைக் காட்டிக் காட்டுப்பன்றியைச் சுட முடியாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு வழிமுறை அறிவித்தது. அதிலும் காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால்தான், அதுவும் வனத்துறை ஆட்கள்தான் சுடுவார்கள். ஓசூர்க்காரர் பென்சில்வேனியாவில் செய்வதை இங்கே யாரும் செய்து பார்க்க வேண்டாம்.

பென்னாகரத்தான்
ஐயா, கம்பி விட்டுப் பார்த்தேன்.

நிப்பிள் வரை வரவில்லை. மூன்று விரற்கடை குறைகிறது. இரண்டு முறை பார்த்தேன். அப்பாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா இத்தனை வருசமாக ஆயுதபூஜைக்கு இதைத் துடைத்துப் பொட்டு வைத்திருக்கிறார். ஸ்டேஷனில் மூன்று மாதம் இருந்திருக்கிறது. நான் அதன் வாய்க்குள் டார்ச் அடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன்.

மாங்கா_மண்டி
அட கடவுளே. துருவாக இருக்கும் தம்பி, பயப்படாதே. ஒரு கேப்பு வைத்துத் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பழைய_ஆர்மரர்
மண்டிக்காரரே, தயவு செய்து அந்த வரியை அழியுங்கள்.

தம்பி, துருவாக இருக்கலாம், கசடாக இருக்கலாம், எலி இழுத்துப் போட்ட பஞ்சாகவும் இருக்கலாம். மருந்து என்றே வைத்துக்கொள். கருமருந்துக்கு வயசே ஆகாது, ஈரம் படாமல் இருந்தால் தாத்தா காலத்து மருந்தும் இன்றைக்குப் போட்டது மாதிரியே எரியும். ஈரம் பட்டுக் காய்ந்ததும் எரியலாம். எண்ணெய் ஊற்றினால் செத்துவிடும் என்று நம்பாதே. சுட்டுக் காலி செய்யலாம் என்று நினைக்கவே நினைக்காதே. துருப்பிடித்த குழல் எவ்வளவு தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. துளைக்காதே, சூடு காட்டாதே, கம்பியால் இடிக்காதே.

கேப்பு இல்லை, அது நல்லது. குதிரையை நிப்பிள்மேல் மெதுவாக இறக்கி வை, ஆளில்லாத சுவர்ப் பக்கம் வாய் இருக்கட்டும், குழந்தைகள் வராத அறையில் பூட்டு. முதலில் ஸ்டேஷனில் விஷயத்தைச் சொல். அப்புறம் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடைக்குப் போன் போட்டு, உள்ளே மருந்து இருக்கலாம் என்பதையும் மறைக்காமல் சொல். அவர்கள் சொல்கிற மாதிரி கொண்டு போ. தாத்தாவும் லைசென்ஸ் புத்தகமும் கூடவே வர வேண்டும். பஸ் வேண்டாம், கார் எடு.

கடைக்காரரிடம் திருகு முனைக் கம்பி இருக்கும். குழலை நனைத்துவிட்டு, அடைப்பைக் கொக்கி போட்டுத் திருகி வெளியே எடுப்பார்கள். அது அவர்கள் வேலை.

பென்னாகரத்தான்
சரி ஐயா. ஸ்டேஷனில் சொல்லிவிட்டோம், எழுதிக் கொடுத்தோம். சேலத்துப் பக்கம் ஒரு கடையில் வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். தாத்தாவிடம் சொன்னேன். "நான் போடல" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

களி_கிண்டி
அவர் வரும் வரைக்கும் தோசைக்கல் விஷயத்தை முடித்துவிடலாம். மண்டி அண்ணா, நானும் இருபது வருசமாக இரும்புக்கல்லில்தான் தோசை ஊற்றுகிறேன். அதைச் சோப்பு போடாமல் வைப்பது, எண்ணெய் சூட்டில் இறுகிக் கல்மேல் தோல் மாதிரி படிவதால். நான் அதன்மேல் உப்புத் தண்ணீர் ஊற்றி வைப்பதில்லை. ஒரு நாள் ஊறுகாய் ஜாடி மூடியைத் தெரியாமல் கல்மேல் வைத்துவிட்டேன். காலையில் வட்டமாகத் துரு. துப்பாக்கியில் மருந்து எரிந்த பிறகு மிஞ்சுவது உப்பு என்றுதானே சொல்கிறார்கள்? அப்படியானால் அது தோசைக்கல் இல்லை, ஊறுகாய் ஜாடி.

பழைய_ஆர்மரர்
அம்மா, முப்பத்தொரு வருசமாகப் புதுப் பையன்களுக்கு நான் நீட்டி முழக்கிச் சொன்னதை ஒரு ஜாடி மூடியில் முடித்துவிட்டீர்கள்.

கருமருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், கரி. அது எரிந்தால் எல்லாம் புகையாகப் போய்விடும் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். எடையில் பாதிக்கு மேல் வாயுவாக மாறவே மாறாது. கொஞ்சம் புகையோடு பறக்கும், மீதி குழலுக்குள் கறுப்பாக ஒட்டிக்கொள்ளும். அதில் பொட்டாசியம் கார்பனேட், சல்பேட், சல்பைடு எல்லாம் உண்டு. கார்பனேட் என்பது வேறொன்றும் இல்லை, அடுப்புச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்தால் வருகிற அதே உப்பு. காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ராத்திரி சுட்டுவிட்டுக் காலையில் பார்த்தால் குழல் உள்ளே வேர்த்திருக்கும், மாலைக்குள் துரு எட்டிப் பார்க்கும்.

உப்பைக் கரைப்பது தண்ணீர்தான். டீசலோ மண்ணெண்ணெயோ கரைக்காது. உப்பின்மேல் எண்ணெய் பூசினால் உப்பை மூடி போட்டுப் பத்திரமாக வைத்த கதைதான், அடியில் அது தின்றுகொண்டே இருக்கும். போதாக்குறைக்குப் பெட்ரோலிய எண்ணெயும் மருந்துக் கசடும் சேர்ந்தால் தார் மாதிரி இறுகிவிடும். பெரியப்பா துப்பாக்கியின் உள்ளே யாராவது பார்த்தார்களா என்று மண்டிக்காரரைக் கேளுங்கள்.

மாங்கா_மண்டி
பார்க்கவில்லை. அவர் காலமான பிறகு ஒப்படைத்துவிட்டோம். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தண்ணீர் என்றால் எந்தத் தண்ணீர்? எங்கள் போர் தண்ணீரில் சோப்பே நுரைக்காது. தருமபுரித் தண்ணீரைக் கேட்கவே வேண்டாம், புளோரைடு.

பழைய_ஆர்மரர்
புளோரைடு பல்லைத்தான் கெடுக்கும், குழலைக் கெடுக்க அங்கே இருக்கும் அளவு போதாது. ஆனால் போர் தண்ணீர் உப்பும் கடினமும் சேர்ந்தது, காய்ந்தால் வெள்ளையாகப் படியும். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வருகிற வீடாக இருந்தால் அந்தக் குழாய்த் தண்ணீர் நல்லது. மழைத்தண்ணீர் இன்னும் நல்லது. இரண்டும் இல்லையென்றால் போர் தண்ணீரில் கழுவிவிட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு சொம்பு கேன் தண்ணீர்.

ஓசூர்_டு_பென்சில்வேனியா
இங்கே இதைவிடப் பெரிய சண்டை கொதிக்கும் தண்ணீரா, வெதுவெதுப்பா என்பது. பழைய ஆட்கள் கொதிக்கக் கொதிக்க ஊற்றுவார்கள். குழல் சூடாகித் தானாகவே காய்ந்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் சூட்டில் கழுவிய குழலில் கண் முன்னாலேயே இளஞ்சிவப்பாகப் புதுத் துரு படிவதை நான் பார்த்திருக்கிறேன். துணியை விட்டால் ஆரஞ்சு நிறத்தில் வரும். வெதுவெதுப்புக்கு மாறியதிலிருந்து அந்தத் தொல்லை இல்லை. உப்பு கரைய அந்தச் சூடே போதும்.

இன்னொன்று. நான் சொல்வதெல்லாம் கருமருந்துக்கு மட்டும். அதற்குப் பதிலாக இங்கே விற்கும் மருந்துகள் ஒவ்வொன்றும் ஒரு குணம். பைரோடெக்ஸில் பெர்குளோரேட் இருக்கிறது, அதன் மிச்சம் இன்னும் மோசமாக அரிக்கும், ஆனால் தண்ணீருக்குப் போய்விடும். பிளாக்ஹார்ன் 209 தண்ணீருக்கு அசையாது, அதற்குச் சாதாரணத் துப்பாக்கிக் கரைப்பான்தான். நண்பர் ஒருவர் இது தெரியாமல் ஒரு பருவம் முழுக்க அதைச் சோப்புத் தண்ணீரில் கழுவினார்.

பழைய_ஆர்மரர்
சூடு விஷயத்தில் நான் பழைய கட்சி, கொதிநீரில்தான் பழகினேன். ஆனால் தம்பி சொல்வதும் உண்மை. கொதிநீர் ஊற்றினால் துடைக்கும் துணி கையில் தயாராக இருக்க வேண்டும். வெயில் காய்கிற நம் ஊரில் வெதுவெதுப்பே போதும் என்றால் நான் மல்லுக்கு வரமாட்டேன்.

கோட்டைமேட்டான்
கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு சின்ன இடைச்செருகல். கோட்டை ஏறும்போதெல்லாம் இதுதான் நினைவுக்கு வரும். 1791இல் கம்பெனிப் படை இந்த மலையை ராத்திரியில் தாக்கிப் பிடிக்க முடியாமல் திரும்பியது. மறு வருசம் திப்புவோடு செய்த உடன்படிக்கையில் பாரமகால், அதாவது நம் பக்கத்துச் சீமை, அவர்கள் கைக்குப் போனது. அந்தக் காலத்தில் இரண்டு பக்கமும் வாய்வழித் துப்பாக்கிதான். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் குழலைச் செங்கல் தூள் போட்டுக் கண்ணாடி மாதிரித் தேய்ப்பார்களாம், பளபளப்பு இல்லையென்றால் தண்டனை. தேய்த்துத் தேய்த்துக் குழலே மெலிந்துபோகும்.

எங்கள் பாட்டி பித்தளைக் குடத்துக்குச் செங்கல் பொடியும் புளியும்தான். துப்பாக்கிப் பித்தளைக்கும் அதையே போடலாமா?

பழைய_ஆர்மரர்
விசைக்காப்பு பித்தளையாக இருந்தால், அதைத் துப்பாக்கியின் மரக்கட்டையிலிருந்து கழற்றி எடுத்த பிறகு புளி போடலாம். கழற்றாமல் போட்டால் புளித்தண்ணீர் மரத்துக்குள்ளும் இரும்புக்குள்ளும் இறங்கும். அது இரும்பை அரிக்கும். செங்கல் பொடி எதற்கும் வேண்டாம். குழலின் பழுப்பு நிறத்தை எடுத்துவிட்டு வெள்ளி மாதிரி ஆக்குபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அந்தப் பழுப்பே ஒரு காப்பு.

பென்னாகரத்தான்
சேலம் போய் வந்தாயிற்று.

கடைக்காரர் குழல் வாயை மணல் வாளிப் பக்கம் திருப்பி வைத்து, வெதுவெதுப்பாகத் தண்ணீர் ஊற்றி, அரை மணி நேரம் விட்டார். அப்புறம் திருகு முனைக் கம்பி. முதலில் செந்துருத் தண்ணீர். அப்புறம் ஏதோ சிக்கியது. மெதுவாகத் திருகித் திருகி இழுத்தார். தேங்காய் நார். நன்றாகச் சுருட்டி, நடுவில் ஒரு முடிச்சு போட்ட நார் உருண்டை. அதற்கு அடியில் கறுப்புக் கூழாக மருந்து. பால்ரஸ் ஒன்றுகூட இல்லை, வெறும் மருந்தும் நாரும்தான். சத்தத்துக்குப் போட்டது.

தாத்தா அதுவரை நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருந்தார். கடைக்காரர் நாரைக் கையில் கொடுத்ததும் பிரித்துப் பார்த்தார். "முடிச்சு என்னுதுதான்" என்றார். கேழ்வரகு கதிர் பிடித்த நேரத்தில் பன்றி வந்து புரட்டிப் போட்ட வருசம் ஒன்று இருந்தது. விரட்டுவதற்காகப் போட்டு வைத்திருப்பார், அன்றைக்கு ராத்திரி பன்றி வந்திருக்காது. திரும்பி வரும்போது காரில் யாரும் பேசவில்லை. தொப்பூர் தாண்டித்தான் டீ குடித்தோம்.

மருந்துக் கூழைக் கடைக்காரரே ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துவிட்டார். குழலைப் பார்த்துவிட்டு, உள்ளே புள்ளி புள்ளியாக அரித்திருக்கிறது, இனி இதில் சுட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். தாத்தாவும் சரி என்றார். இனி இதைக் கெடாமல் வைத்திருந்தால் போதும். நிப்பிளை மட்டும் அவரே கழற்றிக் கொடுத்திருக்கிறார். இப்போது கழுவுவது எப்படி என்று சொல்லுங்கள்.

தளி_குளிர்
படித்து முடித்ததும் எழுந்துபோய் எங்கள் சித்தப்பா வீட்டுச் சுவரைப் பார்த்தேன். ஒப்படைக்கச் சொல்லிவிட்டேன், வரும் திங்கள்கிழமை போகிறோம்.

பழைய_ஆர்மரர்
நல்லது தம்பி, இரண்டு பேரும்.

பென்னாகரத்துத் தம்பி, முதலில் குதிரை மாட்டியிருக்கும் பூட்டுத்தகடு. குதிரையை அரைவழி இழுத்து நிறுத்து, பக்கத் திருகாணிகளைப் பாதி தளர்த்திவிட்டு அவற்றின் தலையை மரப்பிடியால் லேசாகத் தட்டு, தகடு தானாக வெளியே வரும். நெம்பினால் கட்டை சில்லுத் தெறிக்கும். இந்த மாதிரிப் பழைய குழலின் அடியை மூடியிருக்கும் இரும்பு அடைப்பைக் கழற்ற மட்டும் முயற்சி செய்யாதே, அது கழற்றுவதற்காகச் செய்தது இல்லை. ஓசூர்த் தம்பி அவருடைய புது ரகத்தில் கழற்றுவார், அது வேறு.

குழலைக் கட்டையிலிருந்து எடுக்க முடிந்தால் எடுத்துவிடு. ஒரு வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு கொஞ்சம். நிப்பிள் இருந்த துளை தண்ணீருக்குள் முங்கும்படி அடிப்பக்கத்தை வாளிக்குள் வை. கம்பி நுனியில் பழைய வேட்டித் துணி ஒரு துண்டு. வேட்டி பருத்தியாக இருக்கட்டும், கலப்பு நூல் தண்ணீர் குடிக்காது. வாய் வழியாக விட்டு, ஆட்டுக்கல் குழவி மாதிரி இல்லை, சைக்கிள் பம்ப் மாதிரி மேலும் கீழும் இழு. துளை வழியாகத் தண்ணீர் ஏறும், இறங்கும். முதல் பத்து இழுப்பில் கறுப்பாக வரும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பயப்படாதே, அது கந்தகம். தண்ணீரை மாற்று. கறுப்பும் நாற்றமும் நிற்கும் வரை மாற்று. உனக்குத் துரு வேறு இருக்கிறது, அதனால் நடுவில் வெண்கலக் கம்பித் தூரிகை போட வேண்டும். குழலுக்குள்ளே வைத்துத் தூரிகையைத் திருப்பி இழுக்காதே, மாட்டிக்கொள்ளும். கடைசி வரை தள்ளி, ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டே எடு.

சோப்பு போக அலசு. காய்ந்த துணி ஒன்று, இரண்டு, ஐந்து என்று போடு, ஈரமே வராத வரை. வெயிலில் கால் மணி நேரம். அப்புறம்தான் எண்ணெய்.

நிப்பிளைத் தனியாகச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, துளையை மெல்லிய செப்புக் கம்பியால் குத்திவிடு. ஊசி வேண்டாம், துளை பெரிதாகும். மாட்டும்போது மரையில் கொஞ்சம் கிரீஸ், அப்போதுதான் அடுத்த முறை கழறும். பூட்டுத்தகட்டைப் பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் கழுவி, நன்றாகக் காயவைத்து, அசையும் இடங்களில் மட்டும் ஒவ்வொரு சொட்டு.

வெளித்துருவுக்கு உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். எண்ணெய் தடவி ஒரு ராத்திரி விட்டு, செப்புக் காசின் விளிம்பால் சுரண்டு. செம்பு இரும்பைவிட மெத்து, துரு வரும், குழல் கீறாது.

களி_கிண்டி
எந்த எண்ணெய்? எங்கள் மாமனார் தேங்காய் எண்ணெய் போடுவார்.

பழைய_ஆர்மரர்
தையல் மெஷின் எண்ணெயே போதும். தேங்காய் எண்ணெய் தளிக் குளிரில் உறைந்துவிடும், கடலை எண்ணெய் நாளாக ஆகப் பிசினாகும். சுடும் துப்பாக்கி என்றால் குழலுக்குள் பெட்ரோலிய எண்ணெய் எதைப் போட்டிருந்தாலும் மருந்து போடும் முன் துடைத்தே ஆக வேண்டும். இல்லையென்றால் தார் கதைதான், மருந்தும் நனையும். இதில் இனிச் சுடப் போவதில்லை, அதனால் கவலை இல்லை. கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் ஒரு கை, தேய்த்துத் தேய்த்து ஏற்று, மீதியைத் துடைத்துவிடு.

முதல் இரண்டு நாள் வாய் கீழே இருக்கும்படி நிறுத்து. நேராக நிறுத்தினால் எண்ணெய் அடியில் இறங்கி நிப்பிளையும் கட்டையையும் ஊறவைக்கும். தோல் உறை வேண்டாம், சாக்குப் பை வேண்டாம், இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

முக்கியமாக, மூன்றாம் நாள் ஒரு வெள்ளைத் துணியை விட்டு எடு. ஆரஞ்சு நிறம் வந்தால் உப்பு மிச்சம் இருக்கிறது, முதலிலிருந்து கழுவு. சலிப்பாகத்தான் இருக்கும். அடுத்த தேர்தலுக்குக் கொடுக்கும்போது மெல்லிசாக எண்ணெய் போதாது, கிரீஸைத் தடிமனாகப் பூசிக் கொடு. உள்ளேயும்.

ஓசூர்_டு_பென்சில்வேனியா
குளிரிலிருந்து சூடான அறைக்குள் கொண்டுவந்தாலும் வேர்க்கும். நான் பனியிலிருந்து வந்தால் ஒரு மணி நேரம் வராந்தாவிலேயே வைத்துவிட்டுத்தான் உள்ளே எடுப்பேன், சும்மா இல்லை, பூட்டின பெட்டியில். தளிக்காரர்களுக்கு மார்கழியில் இது பொருந்தும்.

பென்னாகரத்தான்
கழுவி நான்கு நாள் ஆகிறது. தண்ணீரை ஏழு முறை மாற்றினேன். நாற்றத்தில் தங்கை வீட்டை விட்டே போய்விட்டாள். மூன்றாம் நாள் துணியில் ஆரஞ்சு வந்தது. மறுபடி எல்லாம் முதலிலிருந்து. இன்று காலை துணி வெறும் எண்ணெய் நிறத்தில் வந்தது. குதிரை இப்போது சத்தமே போடுவதில்லை. அடியில் கட்டையை ஒட்டி அரித்த பள்ளங்கள் இருக்கின்றன, அவை போகாது.

கம்பியில் பென்சில் கோடு அழிகிறது என்று தங்கையின் நெயில் பாலிஷில் சிவப்பாக ஒரு வளையம் போட்டிருக்கிறேன், வெறும் குழலுக்கு. தாத்தாவுக்குக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. பூட்டிய பெட்டியின் சாவி அவரிடம்தான் இருக்கிறது. நேற்று ராத்திரி இரண்டு முறை எழுந்து, பெட்டியைத் திறந்து, கம்பியை விட்டுப் பார்த்துவிட்டுப் படுத்திருக்கிறார். அம்மா சொன்னார்.

மாங்கா_மண்டி
நெயில் பாலிஷ் எண்ணெய் பட்டால் போகாதா?

களி_கிண்டி
எண்ணெய்க்குப் போகாது அண்ணா. தின்னருக்குத்தான் போகும்.